ரிப்போர்ட் எழுத எந்த டூல், எங்கே கற்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். யார் எந்த ஏரியா, என்ன வேலை என்பது மட்டும் போதும், பெயர் வேண்டாம்.

தாம்பரம், பி.காம் முடித்தவர்: அண்ணா, ரிப்போர்ட் டெவலப்பர் வேலைக்குப் போகணும். வேளச்சேரியில் ஒரு இடத்தில் பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் டூல்) கோர்ஸுக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான் (மேக்கில் ஓடாது, விண்டோஸ் லேப்டாப் வேண்டும்), அதைப் பழக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷனும் இலவசம், கற்கவும் சோதிக்கவும் மட்டும். அதில் அட்வென்ச்சர்வொர்க்ஸ் என்கிற மாதிரி டேட்டாபேஸை ஏற்றிக்கொள். ஒரு சைக்கிள் கம்பெனியின் விற்பனை, கொள்முதல், ஸ்டாக், ஆட்கள் என்று எல்லாம் இருக்கும். ஏரியாவாரியாக, மாதவாரியாக விற்பனை, பக்கத்திலேயே போன வருஷத்து அதே மாதம்: இதை யாரையும் கேட்காமல் எழுத முடிகிறதா பார். ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வகைவாரியாகக் கூட்டுவது), விண்டோ ஃபங்ஷன் (ஒரு வரிசையை மற்ற வரிசைகளோடு வைத்துக் கணக்கிடுவது), இந்த மூன்றும் கைவந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். அடிப்படைக்கு எஸ்க்யூஎல்போல்ட், பவர் பிஐக்கு மைக்ரோசாஃப்ட் லேர்ன், இரண்டும் இலவசம். கிரெடிட் நோட் (சரக்கு திரும்பி வந்தால் பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) என்றால் என்ன என்று பி.காம் படித்த உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அதை இன்டர்வியூவில் மறக்காமல் சொல்.

அம்பத்தூர் எஸ்டேட், அக்கவுண்ட்ஸ்: சார், கிரிஸ்டல் ரிப்போர்ட் என்கிற ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் விற்பனை மொத்தம் டேலியில் உள்ளதைப் போல மூன்று மடங்கு காட்டுகிறது. சாஃப்ட்வேரில் பிழையா?

சாஃப்ட்வேர் பாவம், அதை விடுங்கள். பில் தலைப்பு ஒரு டேபிள், பில்லில் உள்ள ஐட்டங்கள் இன்னொரு டேபிள், இரண்டையும் ஜாயின் செய்திருப்பீர்கள். ஒரு பில் 1,18,000 ரூபாய் (ஒரு லட்சம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி), அதில் மூன்று ஐட்டம் என்றால் ஜாயினுக்குப் பிறகு மூன்று வரிசை வரும், மூன்று வரிசையிலும் அதே 1,18,000 உட்கார்ந்திருக்கும். கூட்டினால் 3,54,000. ஒன்று, ஒவ்வொரு ஐட்டத்தின் தொகையைக் கூட்டுங்கள். இல்லையென்றால் ஐட்டங்களை முதலில் பில் வாரியாகச் சுருக்கிவிட்டு அப்புறம் ஜாயின் செய்யுங்கள். கிரிஸ்டலிலேயே முடிக்க வேண்டுமென்றால் பில் நம்பரில் குரூப் போட்டு, குரூப் மாறும்போது மட்டும் கூட்டும்படி ரன்னிங் டோட்டல் (சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகை) வையுங்கள். தொகையின் மேல் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுப்பது) போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரே தொகைக்கு இரண்டு பில் இருந்தால் ஒன்று காணாமல் போகும்.

அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தேதி உள்ள நெடுவரிசையில் நேரமும் சேர்ந்திருந்தால், மார்ச் 31 வரை என்று பிட்வீன் போடும்போது அது 31ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவோடு நின்றுவிடும், அன்றைக்குப் போட்ட பில் எதுவும் வராது. வருஷக் கடைசி நாளில் எவ்வளவு பில் போடுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 1க்குக் குறைவு என்று எழுதுங்கள்.

பாரிமுனை, ஹார்டுவேர் மொத்த வியாபாரம்: எங்களிடம் டேலியும் எக்ஸலும்தான் இருக்கு சார். தனியாக ரிப்போர்ட் சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வாங்க வேண்டாம். டேலியில் ஓடிபிசி (வேறு சாஃப்ட்வேர் அதன் தகவலைப் படிக்கும் வழி) இருக்கிறது, எக்ஸலில் 2016லிருந்து பவர் க்வெரி (வெளியிலிருந்து தகவலை எடுத்து வரும் வசதி) உள்ளேயே வருகிறது. இரண்டையும் இணைத்துவிட்டால் ரெஃப்ரெஷ் பட்டன்தான் உங்கள் சாஃப்ட்வேர். டேலி திறந்து, கம்பெனியும் லோட் ஆகியிருக்க வேண்டும். டேலி 32 பிட் என்றால் எக்ஸலும் 32 பிட், 64 பிட் என்றால் அதுவும் 64 பிட் ஆக இருக்க வேண்டும், பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும், கடைக்கு அது தாராளம். மெட்டாபேஸ் என்கிற ரிப்போர்ட் டூல் இலவசம் என்று யாராவது ஆசை காட்டலாம், நல்ல டூல்தான், ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஓ.எம்.ஆர், டெவலப்பர்: எஸ்எஸ்ஆர்எஸ் (எஸ்க்யூஎல் சர்வருக்கான ரிப்போர்ட் டூல்) இனிமேல் கற்பது வீணா?

எஸ்க்யூஎல் சர்வர் 2025உடன் புதிய எஸ்எஸ்ஆர்எஸ் வரவில்லை, அந்த இடத்துக்கு பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரைக் காட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் எழுதிய ஆர்டிஎல் (எஸ்எஸ்ஆர்எஸ் ரிப்போர்ட்டின் ஃபைல் வடிவம்) ரிப்போர்ட் அங்கேயும் ஓடும், அதனால் உழைப்பு வீணில்லை. பில், டெலிவரி சலான், நாற்பது பக்க லெட்ஜர் என்று அச்சடிக்க வேண்டியதற்கெல்லாம் பக்கம் பிரித்து வரும் ரிப்போர்ட்தான் சரி. திரையில் பார்க்கும் டாஷ்போர்டை பிரிண்ட் எடுத்து முதலாளி மேசையில் வைத்துப் பாருங்கள், புரியும். ஜாவாவில் சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி என்றால் இதே வேலைக்கு ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ்.

மயிலாப்பூர்: க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளையை) இப்போது ஏஐயே எழுதித் தருகிறதே சார்?

தரட்டும், நானும் கேட்டு வாங்குகிறேன். உங்கள் ஆபீஸில் கேன்சல் ஆன பில்லையும் அழிக்காமல் அதே டேபிளில் ஸ்டேட்டஸை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதை அக்கவுண்டன்ட்டிடம்தான் கேட்க வேண்டும்.

போரூர்: எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் 1,234,567 என்று வருகிறது, லட்சக் கமா வேண்டும்.

ரிப்போர்ட் ப்ராப்பர்ட்டியில் லாங்குவேஜை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றி, ஃபார்மட்டில் N0 போடுங்கள். 12,34,567 வந்துவிடும்.