நோன்புக் கடல்பாசியும் லேப் அகரும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் லேபில் கிருமி வளர்க்கும் அகர் பிளேட் (தட்டு) ஊற்றியதாகச் சொன்னாள். கேட்கக் கேட்க, நோன்புக்கு நான் காய்ச்சும் கடல்பாசி ஜெல்லி மாதிரியே இருந்தது. "இது வேற உம்மா" என்கிறாள். இரண்டும் ஒன்றா? ஒன்றுதான் என்றால், கிருமி வளர்க்க இதைப் போய் ஏன் பிடித்தார்கள்? நான் வாங்கும் பாக்கெட்டை அவள் லேபில் பயன்படுத்தலாமா?

– ஒரு வாசகி, கீழக்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நினைத்ததுதான் சரி. இரண்டும் ஒரே பொருள். சுத்தத்தில்தான் வேறுபாடு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அகர் சிலவகைச் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி. உங்கள் கடலிலேயே விளைகிறது. மண்டபம், இராமேசுவரம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்கானவைதான்.

ஏன் இதைப் பிடித்தார்கள் என்பதற்குப் பதில் உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. கடல்பாசி நன்றாகக் கொதித்தால்தான் கரையும். ஆனால் இறக்கி வைத்ததும் உறைவதில்லை. பால், சீனி, எசன்ஸ் எல்லாம் கலந்து தட்டில் ஊற்ற நேரம் கிடைக்கிறது. சுமார் 35 டிகிரிக்கு வந்த பிறகுதான் உறைகிறது. உறைந்ததை மறுபடி உருக்க வேண்டுமென்றால் 85 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். உறையும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் நடுவே 50 டிகிரி. லேபில் அகருக்கு இருக்கும் மதிப்பெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

ஆறும்போது இந்தச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்கின்றன. பிறகு முறுக்குகள் பல சேர்ந்து கட்டாகி, வலைபோல் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. கயிறு திரித்தவர்களுக்குத் தெரியும், திரித்ததைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. அந்தக் கட்டைப் பிரிக்கத்தான் அவ்வளவு சூடு தேவைப்படுகிறது. ஒரு லிட்டருக்கு 15 கிராம் போட்டாலே தட்டு கெட்டியாக உறைந்துவிடும்.

இதற்கு முன்னால் இருந்தது ஜெலட்டின். 1881இல், நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வகத்தில் அதில்தான் கிருமி வளர்த்தார்கள். நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் அது உருகிவிடும், அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகள் நன்றாக வளரும். போதாததற்குப் பல பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெ இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸெ வெயில் காலத்திலும் உருகாத ஜெல்லி செய்பவர். நியூயார்க்கில் வளர்ந்தபோது, ஜாவாவில் இருந்து வந்த ஒரு டச்சு அண்டை வீட்டாரிடம் அகரைப் பற்றிக் கற்றிருந்தார். "இதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். அகரைத் தின்னக்கூடிய பாக்டீரியா மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் கடலில் இருப்பவை. கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகரைப் போகிற போக்கில் சொன்னார், ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அவர்தான்.

நான் லேபில் இருந்த வருடங்களில், ஊற்றும் பதத்தைப் பார்க்கக் குடுவையைக் கையில் பிடித்துத்தான் பார்ப்போம். கை பொறுக்கும் சூடு, அதாவது 50 டிகிரி பக்கம். அதற்கு மேல் ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். ஆறவிட்டு ஊற்றினால் கட்டி கட்டியாக விழும். ஆட்டு ரத்தம் கலக்கும் தட்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும், சூடு கூடினால் சிவப்பு போய் சாக்லேட் நிறமாகிவிடும். அப்படி வேண்டுமென்றே சூடேற்றிச் செய்யும் தட்டும் உண்டு, சில கிருமிகள் அதில்தான் வளரும்.

சரி, சுத்தத்துக்கு வருகிறேன். அகரில் அகரோஸ், அகரோபெக்டின் என்று இரண்டு உண்டு. அகரோபெக்டினில் சல்பேட் அதிகம், அதனால் மின்னேற்றம் இருக்கும். லேபில் டிஎன்ஏ துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கவும் இந்த ஜெல்தான், அப்போது ஜெல்லின் இரு முனைக்கும் மின்சாரம் கொடுக்கிறார்கள். டிஎன்ஏ எதிர் மின்னேற்றம் உள்ளது, அதனால் நேர்முனைக்கு ஓடும். வலைக்கண் வழியே சின்னத் துண்டு சீக்கிரம் போகும், பெரியது பின்தங்கும். ஜெல்லிலேயே மின்னேற்றம் இருந்தால் இந்த ஓட்டம் கெடும். அதனால் அகரோஸை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். விலை ஏறுவது இங்கேதான்.

உங்கள் பாக்கெட்டிலும் தட்டு உறையும், கிருமியும் வளரும். ஆனால் அதில் உப்பும் மற்ற கசடும் எவ்வளவு என்று தெரியாது, உறையும் பலமும் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். இன்று வந்த முடிவு நாளை வராது. அதனால் லேபுக்கு வேண்டாம். அதுபோல லேப் டப்பாவில் மிஞ்சிய தூளை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் சமையலுக்கு எடுக்காதீர்கள். அது சாப்பிடுவதற்காகச் சோதித்ததல்ல. சில டப்பாக்களில் சத்துப்பொருளும் சாயமும் சேர்ந்தே இருக்கும்.

அப்புறம் ஒன்று. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் இறக்கிய பிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் சங்கிலி அறுந்து, பாசி சரியாக உறையாது. பூஞ்சைக்கு அமிலத் தட்டு செய்யும்போது லேபிலும் அமிலத்தைக் கடைசியில்தான் விடுவார்கள். மகளிடம் கேட்டுப் பாருங்கள்.