வாடகைப் படகில் வரும் அனுபவமில்லாதவர்களோடு கால்வாயையும் லாக்குகளையும் பகிர்ந்துகொள்வது எப்படி?

சொந்தமாக நேரோபோட் எனும் ஒடுக்கமான கால்வாய்ப் படகு வாங்கியிருப்பதாகவும், கோடையில் பிரிட்டனிலுள்ள லாங்கோத்லன் கால்வாய்க்குப் போகவிருப்பதாகவும், ஒரு மணி நேர விளக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு அறுபதடிப் படகோடு வரும் விடுமுறைக் கூட்டத்தை நினைத்தால் அச்சமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படகு வாங்குவதற்கு முன் நானும் என் மனைவியும் இரண்டு கோடைகளில் அதே கால்வாயில் வாடகைப் படகில் போனவர்கள். திட்டு வாங்கியும் இருக்கிறோம், பிற்பாடு திட்டியும் இருக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

உங்கள் அச்சத்தில் பாதி நியாயமானதுதான். பிரிட்டனின் கால்வாய்களில் விடுமுறைப் படகை ஓட்ட எந்த உரிமமும் தேவையில்லை. சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பது கைக்குப் பழகவே ஒரு நாள் ஆகும். படகுக்கு பிரேக் கிடையாது, பின்னோக்கிய கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அப்படிப் போட்டதும் சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது என்பதைப் பெரும்பாலோர் எதிரே இன்னொரு படகு வரும்போதுதான் கண்டுகொள்கிறார்கள். போதாக்குறைக்கு லாங்கோத்லனில் நீரோட்டம் உண்டு; ஒவ்வொரு லாக்கின், அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவறையின், கீழ்ப்புறத்திலும் பக்க ஓடையில் வழிந்து வரும் உபரி நீர், லாக்குக்குள் நுழையப் போகும் படகின் முன்பக்கத்தை அப்படியே சுவரின் மேல் தள்ளிவிடும். இதற்குப் பழகிய நாங்களே வாரத்துக்கு ஒருமுறை சுவரில் இடித்துக்கொள்கிறோம். ஆனால் வேக வரம்பு மணிக்கு 4 மைல், நம் படகோ எஃகு. இடித்தால் கேட்பது பெரும்பாலும் ஒரு மந்தமான ஓசைதான். பீங்கான் தட்டுகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கரையில் கட்டி நிற்கும்போது வேகமாகக் கடப்பவர்களைப் பார்த்துக் கத்துவதைவிட, முன்னும் பின்னும் கட்டுவதோடு சாய்வாக இன்னொரு கயிறும் கட்டிவிட்டால் படகு முன்னும் பின்னும் இழுபடாது. சனிக்கிழமை பிற்பகலில் வாடகைத் துறைகளை ஒட்டிய பகுதிகளில் பயணம் செய்யாமல் இருந்தால் உங்கள் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது, ஏனெனில் புதுக் குழுக்களில் பல அன்றுதான் புறப்படுகின்றன.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சொந்தப் படகில் போகும் எங்களைப் பார்த்து, "எந்த கம்பெனியில் எடுத்தீர்கள், எத்தனை நாளுக்கு?" என்று கேட்காத கோடை ஒன்றுகூட இல்லை. படகின் பக்கவாட்டில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. கேட்டவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள், படகைப் பார்க்கவில்லை. "அனுபவமில்லாதவர்" என்ற முத்திரை எவ்வளவு எளிதாகக் குத்தப்படுகிறது என்பதை அதனால்தான் கொஞ்சம் அறிவேன்.

இப்போது நான் சொல்ல வந்த நிகழ்ச்சி. படகு வாங்கிய மூன்றாம் ஆண்டு, மார்பரி லாக்கின் கீழே, மேலே ஏறுவதற்காகக் காத்திருந்தோம். அங்குள்ள லாக்குகள் ஏறக்குறைய ஏழடி அகலமே கொண்டவை, ஒரு நேரத்தில் ஒரு படகுதான். உள்ளே இறங்குவதற்குத் தயாராக ஒரு வாடகைப் படகு நின்றது. சுக்கானில் ஓர் இளம்பெண், மேல் கதவருகே அவருடைய கணவர், உள்ளே எட்டு வயது மதிக்கத்தக்க பையன். மேல் கதவை மூடிவிட்டு அந்த மனிதர் கையேட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் மேலும் இரண்டு படகுகள் சேர்ந்துவிட்டன. உதவுகிறேன் என்ற பெயரில் விண்ட்லாஸை, அதாவது லாக்கின் ஷட்டர்களைத் திருகித் தூக்கும் கைப்பிடியை, எடுத்துக்கொண்டு போய், எவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கீழ்க்கதவின் பேடில் ஒன்றை, அதாவது நீரை வெளியேற்றும் ஷட்டரை, முழுதாகத் தூக்கினேன். மறுபக்கத்தையும் தூக்கினேன். நீர் மளமளவென்று இறங்கியது.

மேல் கதவுக்கு அடியில், வீட்டு வாசற்படியைப் போல ஒரு கல்மேடை லாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்று அதைச் சொல்வார்கள். லாக் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. சுவரில் இட்ட வெள்ளைக் கோடுதான் அடையாளம். இறங்கும் படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருந்தாக வேண்டும். அந்தப் பெண், முன்பக்கம் கீழ்க்கதவில் இடிக்கக் கூடாதே என்று பின்னோக்கிய கியர் போட்டவர், அதை எடுக்க மறந்திருந்தார். படகு அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை. சுக்கானின் அடிப்பகுதி சில்லில் உட்கார்ந்தது, நீர் இறங்க இறங்க முன்பக்கம் தாழ்ந்தது, உள்ளே பாத்திரங்கள் சரியும் ஓசை கேட்டது. "அம்மா, தரை சாய்கிறது" என்று அந்தப் பையன் கத்தியிராவிட்டால் இன்னும் சில நொடிகள் நான் பின்னால் நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

கீழ்ப் பேடில்கள் இரண்டையும் இறக்கிவிட்டு, மேலே இருந்தவரிடம் நீரை உள்ளே விடும் மேல் பேடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னேன். வாழ்க்கையில் ஐந்தாவது லாக்கோ ஆறாவது லாக்கோ பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் பதறாமல், நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார். நீர் ஏறியது, படகு மிதந்தது. அதன்பிறகு அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்தப் பெண் ஒரு டப்பாவில் எலுமிச்சை கேக் கொண்டுவந்து கொடுத்தார். தவறு என்னுடையது என்று நான் சொல்லவில்லை, கேக்கையும் வாங்கிக்கொண்டேன். அன்று மாலை அதை என் மனைவி தொடவில்லை.

ஆகவே லாக்குகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவர்கள் கையிலிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். சுக்கானில் இருப்பவர் உங்கள் கண்ணைப் பார்த்துத் தலையசைக்கும்வரை எந்தப் பேடிலையும் தொடாதீர்கள். ஏறும் படகாக இருந்தால் தரைப் பேடிலை, அதாவது தரைக்கடியில் உள்ள வழியாக நீரை விடும் ஷட்டரை, முதலில் பாதி மட்டும் திறக்கச் சொல்லுங்கள். கதவிலுள்ள பேடிலை, அதன் வாய் நீருக்குள் மூழ்கும் முன் திறந்தால் அருவிபோல் முன்தளத்தில் கொட்டும். டிரெவர், லாங்கோத்லன் ஆகிய ஊர்களுக்கு இடையே ஒரு படகு மட்டுமே போகக்கூடிய குறுகல்களில், நீங்களே ஒருவரை முன்னால் நடக்கவிட்டு எதிரே வருபவர்களை நிறுத்தி வையுங்கள். புதியவர்கள் அதைச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

வாடகைக்காரர்களுக்கு இவன் வக்காலத்து வாங்குகிறான் என்று முப்பது ஆண்டு அனுபவசாலிகள் சிலர் பின்னூட்டமிடக்கூடும். கையில் பீர்க் குவளையோடு முழுவேகத்தில் கடந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நான் கண்ட அளவில், சொந்தப் படகுக்காரர்களுக்குள்ளும் அந்த வகையினருக்குப் பஞ்சமில்லை.

இப்போதெல்லாம் லாக்கில் வாடகைப் படகைக் கண்டால், "இது உங்களுக்கு எத்தனையாவது லாக்?" என்று சிரித்தபடி முதலில் கேட்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு கிரிண்ட்லி புரூக் அருகே ஒரு வயதான பெண்மணி சற்று யோசித்துவிட்டு, "ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்" என்றார். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்திலிருந்து ஆண்டுதோறும் வாடகைக்கு எடுத்து வருகிறவராம். என் விண்ட்லாஸைப் பேடிலின் அச்சிலேயே மாட்டிவிட்டு நான் நகர்ந்துவிட்டதை அவர்தான் சுட்டிக்காட்டினார்.