ஸ்பிட்ஃபயர் ஏன் இடப்பக்கம் இழுக்கிறது?

முல்லைத்தீவு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கணினி சிமுலேட்டரில் இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஓட்டிப் பழகுகிறேன். ரடர் (வால் சுக்கான்) ட்ரிம்மை முழுக்க வலப்பக்கம் வைத்தும் ஓடுபாதையில் மூக்கு இடப்பக்கம் இழுத்து, புல்லுக்குள் போய்விடுகிறது. தப்பி மேலே ஏறினாலும், பாய்ந்து இறங்கிச் சுடும்போது ஒரு சன்னமும் படுவதில்லை. எங்கே பிழை?"

தம்பி, ட்ரிம்மை முழுக்க வலப்பக்கம் வைத்தது சரிதான். வைத்துவிட்டு, ரடரைத் திருப்பும் மிதியில் வலது காலைச் சும்மா விட்டதுதான் பிழை.

உங்கள் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு ஒன்றின் எஞ்சினைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பலவற்றில் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னத் தகடு தொங்கும். படகு இடப்பக்கம் இழுத்தால் போல்ட்டை இளக்கி, தகட்டின் பின்முனையையும் இடப்பக்கமே திருப்பி இறுக்க வேண்டும். ஓடும் தண்ணீர் தகட்டைத் தள்ள, இழுவை குறையும்; கைபிடியைப் பிடித்திருப்பவரின் தோள் நோகாது. ரடரின் பின்விளிம்பிலுள்ள ட்ரிம் தகடும் இதே வேலையைக் காற்றில் செய்கிறது. ஆனால் ரடர் திரும்பக்கூடிய எல்லையை அது ஒரு பாகைகூடக் கூட்டாது. காலின் சுமையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் மார்க் 9இன் மெர்லின் எஞ்சினின் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அது முறுக்கி அனுப்பும் காற்று வால்செட்டையில் இடப்பக்கமிருந்து மோதி வாலை வலப்பக்கம் தள்ள, மூக்கு இடப்பக்கம் போகும். வால் எழும் கணத்தில் சுற்றும் புரொப்பெல்லரைச் சாய்ப்பதால் வரும் கைரோ விசையும் அதே பக்கம் சேரும். அதனால் வாலை வெடுக்கென்று தூக்காதீர்கள்.

முதலில் சில மீட்டர் நேராக உருட்டி, வால்சில்லை நேராக்குங்கள். பிறகு த்ரொட்டிலை மெல்ல மெல்லத் திறவுங்கள். பூஸ்ட் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) +7 தாராளம். மூக்கு அசைவதற்கு முன்பே வலது கால் உள்ளே போக வேண்டும். அசைந்த பிறகு மிதித்தால், அப்புறம் அதைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

சன்னம் படாததற்கும் இதே தகடுதான் காரணம். ஏறுவதற்கு வைத்த வலப்பக்க ட்ரிம், பாய்ந்து இறங்கும்போது அளவுக்கு மிஞ்சிவிடும். வேகம் கூடக் கூட தகட்டின் பலமும் கூடும். விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போவதால், மூக்கு காட்டும் இடத்துக்குச் சன்னம் போகாது. இறங்குவதற்கு முன் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பிக் குறையுங்கள். மிச்சத்தை இடது காலால் பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் திருப்பமும் சறுக்கலும் காட்டும் கருவியில் உருளும் குண்டு இல்லை, இரண்டு முட்கள்தான். சறுக்கலைக் காட்டும் மேல்முள் நேராக நிற்கும்போது மட்டும் சுடுங்கள். ஜெர்மன் போர்விமானமான மெசர்ஷ்மிட் 109 ஓட்டியவர்களுக்குப் பறந்தபடியே ரடர் ட்ரிம்மை மாற்றும் வசதியும் இல்லை. அதன் ரடர் தகட்டைத் தரையில் வைத்துத்தான் வளைக்க முடியும். பறக்கும்போது எல்லாம் காலின் பாடு.

மார்க் 14க்கு மாறினால் கவனம். அதன் கிரிஃபன் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். ட்ரிம் முழுக்க இடப்பக்கம், மிதிக்க வேண்டியது இடது கால்.