பேரழிவில் இறந்தவர்களை டிஎன்ஏ மூலம் அடையாளம் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: டிஎன்ஏ சோதனை ஒரு நாளில் முடியும் என்கிறார்கள். பிறகு ஏன் உடலைத் தர வாரக்கணக்கில் ஆகிறது?

பதில்: நல்ல மாதிரி கிடைத்தால் ஒரு நாள் போதும்தான். ஆனால் எரிந்து சிதைந்த உடலில் பெரும்பாலும் மிஞ்சுவது தொடை எலும்பும் பல்லும். அதைச் சுத்தம் செய்து, பொடியாக்கி, கால்சியத்தைக் கரைத்த பிறகுதான் டிஎன்ஏவைப் பிரிக்கவே முடியும். உடல் துண்டுகளாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இதே வேலை. 2001 நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இறந்தவர்கள் 2,753 பேர். கிடைத்த பாகங்கள் சுமார் 22,000. இருபது ஆண்டு தாண்டியும் ஏறக்குறைய 1,100 பேர் இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

கேள்வி: கணவர் இறந்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மனைவி தன் டிஎன்ஏ மாதிரியைக் கொடுக்கலாமா?

பதில்: தனியாகக் கொடுத்தால் பயனில்லை, ரத்த உறவு இல்லையே. பிள்ளையும் சேர்ந்து கொடுத்தால் நல்லது. பிள்ளையின் டிஎன்ஏவில் அம்மாவிடமிருந்து வந்ததைக் கழித்தால் மீதி அப்பாவுடையது.

கேள்வி: தம்பி?

பதில்: கொடுக்கலாம். ஆனால் பெற்றோரோ பிள்ளையோ இருந்தால் முதலில் அவர்கள். பெற்றவரிடமிருந்து பாதி நிச்சயமாக வரும். உடன்பிறந்தவர்களுக்குள் எது பொருந்தும் என்பது அதிர்ஷ்டம்.

கேள்வி: சித்தப்பா?

பதில்: இறந்தவர் ஆண், இவர் அப்பாவின் தம்பி என்றால் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம் ஓரளவு உதவும். உறவு மாற்றி மாற்றிக் கேட்காதீர்கள், மேலே சொன்ன வரிசைதான்.

கேள்வி: அண்ணன் தம்பி இருவருமே அதே விபத்தில் போய்விட்டால்?

பதில்: இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இது. பெற்றோரின் மாதிரி இரண்டு உடல்களுக்கும் பொருந்தும். இந்த வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம், யார் அண்ணன் என்று சொல்ல முடியாது. அவரவர் டூத் பிரஷ், ஷேவிங் ரேசர் போன்றவைதான் அங்கே பிரித்துக் காட்டும். அண்ணனுக்குப் பிள்ளை இருந்தால் சிக்கல் தீர்ந்தது. பிரஷ்ஷை வேறு யாரும் தொட்டதில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவாதீர்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையின் முகம் தெரியாதா?

பதில்: தெரியாமல் போகும். வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முகம் வீங்கி நிறம் மாறிவிடும். அதிர்ச்சியில் இருப்பவர் தேடி வந்த முகத்தையே பார்ப்பார். 2002இல் இந்தோனேசியாவின் பாலியில் நடந்த குண்டுவெடிப்பில் முகம் பார்த்து அடையாளம் சொன்ன உடல்களில் சில தவறானவை.

கேள்வி (அதே நண்பர்): சட்டை, மோதிரம், செல்போன் எல்லாம் பொருந்தினால்கூட நம்பமாட்டீர்களா? காத்திருக்கும் குடும்பத்தின் வேதனை உங்களுக்குப் புரியாது.

பதில்: புரிவதால்தான் சொல்கிறேன். ஒரு உடலை மாற்றிக் கொடுத்தால் பாதிக்கப்படுவது இரண்டு குடும்பம். முதல் குடும்பம் தகனமும் செய்துவிட்டால் இரண்டாவது குடும்பத்துக்குத் தர எதுவுமே இருக்காது. நெரிசலில் பொருள்கள் கை மாறும், செல்போன் பக்கத்து ஆளின் பையில் போய் விழும். இவை துணைச் சான்று, அவ்வளவுதான். சர்வதேசக் காவல்துறை அமைப்பான இன்டர்போலின் முறையில் முதன்மைச் சான்றுகள் மூன்று: கைரேகை, பல், டிஎன்ஏ.

கேள்வி: அப்படியென்றால் எல்லோருக்கும் டிஎன்ஏ கட்டாயமா?

பதில்: இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் முதல் மாதங்களில் அதிகம் கைகொடுத்தது பல் மருத்துவர்களிடம் இருந்த பல் பதிவுகள்.

கேள்வி: உடலைப் பாதுகாக்க ஃபார்மலின் ஊற்றலாமா?

பதில்: மாதிரி எடுக்கும் முன் கூடவே கூடாது. அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். குளிர்பதனம் போதும்.

கேள்வி: மனைவி மட்டும் மாதிரி கொடுத்தால்...

பதில்: இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ஒரே கருமுட்டையிலிருந்து உருவான, அச்சு அசலான இரட்டையர்?

பதில்: வழக்கமான சோதனையில் இருவருக்கும் ஒரே முடிவு வரும். கைரேகை வேறு வேறு, அதற்குப் பழைய பதிவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.