காலிங்வுட் – கார்ல்டன் ஆட்டத்துக்கு முன்: கேள்வி பதில்

மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் காலிங்வுட்டும் கார்ல்டனும் மோதும் வாரம் வந்தாலே ஃபூட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். முதல் முறை போகிறவர்களும், வருடக்கணக்கில் பார்த்துவிட்டு இன்னும் சில விதிகள் பிடிபடாதவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

காலிங்வுட்டுக்கு எசெண்டன், ரிச்மண்ட் என்று எதிரிகள் பலர். கார்ல்டன் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு சூடு, அண்ணா?

இரண்டும் மெல்பர்ன் நகர மையத்துக்கு வடக்கே அக்கம்பக்கத்துப் பேட்டைகள். நடுவில் ஃபிட்ஸ்ராய் மட்டும்தான். கார்ல்டன் கிளப் 1864இல் தொடங்கியது, காலிங்வுட் 1892இல். காலிங்வுட் தொழிற்சாலைகளும் தொழிலாளர் வீடுகளும் நெருக்கியடித்த இடம். கார்ல்டனுக்கோ பணமும் செல்வாக்கும் உள்ளவர்களின் கிளப் என்ற பெயர். இன்றைய வீட்டு விலையில் அந்த வித்தியாசம் கரைந்துபோய்விட்டது, ஆனால் ஆட்ட நாளில் கரையவில்லை.

உண்மையான காயம் கிராண்ட் ஃபைனல்களில், அதாவது ஆண்டுக் கோப்பைக்கான இறுதி ஆட்டங்களில், இருக்கிறது. இரு அணிகளும் அங்கே ஆறு முறை சந்தித்தன. 1910இல் மட்டும் காலிங்வுட் வென்றது. 1915, 1938, 1970, 1979, 1981 ஐந்தும் கார்ல்டனுக்குப் போயின. 1970இல் எம்.சி.ஜி.யில் கூடிய 1,21,696 பேர்தான் இன்றுவரை இந்த விளையாட்டின் மிகப் பெரிய கூட்டம். இடைவேளையில் காலிங்வுட் 44 புள்ளிகள் முன்னால் நின்றது. கார்ல்டன் பயிற்சியாளர் ரான் பராசி, உதைப்பதை விட்டு ஹேண்ட்பால் (பந்தைக் கையால் குத்திக் கொடுப்பது) போட்டு வேகமாக ஓடுங்கள் என்றார். மாற்று வீரராக இறங்கிய டெட் ஹாப்கின்ஸ் நான்கு கோல் போட்டார். கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது. 1979இல் ஐந்தே புள்ளி வித்தியாசம். வெய்ன் ஹார்ம்ஸ் எல்லைக்கோட்டருகே பாய்ந்து தட்டிவிட்ட பந்தை கென் ஷெல்டன் கோலாக்கினார். அந்தப் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று காலிங்வுட்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

மறுபக்கத்துக்கும் புண் உண்டு. 2022 லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் நான்காவது குவார்ட்டரில் (கடைசிக் கால்பகுதியில்) முன்னிலையில் இருந்த கார்ல்டன், காலிங்வுட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்று, இறுதிச் சுற்றுக்கு அனுப்பியிருக்கும் எட்டாம் இடத்தை இழந்தது. அடுத்த ஆண்டு காலிங்வுட் பிரிஸ்பனை நான்கு புள்ளியில் வென்று தன் 16ஆவது கோப்பையை எடுத்தது. கார்ல்டனிடமும் 16தான், ஆனால் கடைசியாக வென்றது 1995இல். ஆக, யார் முதலில் 17ஐத் தொடுவது என்ற போட்டியும் இப்போது இதில் சேர்ந்துவிட்டது.

ஸ்கோர் போர்டில் 14.17 (101) என்று போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

முதல் எண் கோல், இரண்டாவது பிஹைண்ட், அடைப்புக்குள் மொத்தம். கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1. 14 × 6 = 84, அதோடு 17 சேர்த்தால் 101. இருபுறமும் நான்கு நான்கு கம்பங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 6.4 மீட்டர். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்குள் தாக்கும் அணி வீரர் காலால் உதைத்து, வேறு யார் கையும் படாமல் பந்து போனால் கோல். யாராவது தொட்டுவிட்டால், அல்லது பக்கவாட்டு இடைவெளியில் போனால் பிஹைண்ட். கோல் நடுவர் இரண்டு கொடி ஆட்டினால் கோல், ஒன்று என்றால் பிஹைண்ட்.

நீங்கள் கேட்ட 14.17 தற்செயலான எண் இல்லை. 1970 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட் எடுத்தது அதுவே. கார்ல்டன் 17.9 (111). காலிங்வுட் 31 முறை ஸ்கோர் செய்தும் 26 முறை செய்தவர்களிடம் தோற்றது. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓர் அணி 3.8 என்று போய்க்கொண்டிருந்தால், முன்னிலையில் இருந்தாலும் அது ஆபத்தில் இருக்கிறது. மார்க் (உதைத்து வந்த பந்தைக் காற்றிலேயே பிடிப்பது) பிடித்துவிட்டு நின்று உதைக்க 30 வினாடி உண்டு. அதில் கோணம் சாய்ந்துவிட்டாலோ, நான்காவது குவார்ட்டரில் கால் களைத்திருந்தாலோ குறி தவறுவது சாதாரணம்.

அண்ணை, நாங்கள் நாலு பேர், ரெண்டு சின்னப் பிள்ளையளும் வருகினம். எந்தப் பக்கம் இருந்தால் நல்லாத் தெரியும்? மழை பெய்தால் என்ன செய்யிறது?

தங்கச்சி, பிள்ளைகளோடு என்றால் கீழ் அடுக்கின் பின் வரிசைகளைப் பாருங்கள். கூரை இருந்தாலும் முன் வரிசைகளில் மழை நன்றாக அடிக்கும். பகல் ஆட்டமென்றால் இன்னொன்றும் உண்டு. தெற்கே இருக்கும் ஷேன் வார்ன் ஸ்டாண்ட் வடக்கு நோக்கியது. குளிர்கால வெயில் நேரே முகத்தில் விழும். தொப்பி வேண்டும், ஆனால் உடம்புக்கு இதம். எதிரே வடக்குப் பக்கத்தில் நிழல், குளிர் எலும்பைத் தொடும். இரவு ஆட்டத்துக்கு எங்கே இருந்தாலும் இரண்டு அடுக்கு உடுப்பு, காலுறை, ஒரு போர்வை.

பிள்ளைகள் இல்லாமல் ஆட்டத்தைப் படிக்க வருகிறவர்களுக்கு என் யோசனை வேறு: கோல் கம்பங்களுக்குப் பின்னால், மேல் அடுக்கு. பக்கவாட்டில் கீழே இருந்தால் வீரரின் மூச்சு கேட்கும், ஆனால் முப்பத்தாறு பேர் எப்படி விரிந்து சுருங்குகிறார்கள் என்பது தெரியாது.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோகலாம். கண்ணாடிப் போத்தல், கேன், மதுபானம் கூடாது. பை சோதிப்பார்கள், சிறியதாகக் கொண்டுபோங்கள். அங்கத்துவ அட்டை இருக்கிறது என்று நம்பிப் போய் வாசலில் நிற்க வேண்டாம். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இருக்கையை முன்பே பதிந்து, பார்கோடைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். வாசலில் ஆயிரக்கணக்கானோர் நிற்கையில் இணையம் மெதுவாகிவிடும்.

டாண்டினாங்கிலிருந்து ரயிலில் போனால் ரிச்மண்டில் இறங்கினால் போதும்தானே?

முன்பு போதும். இப்போது பாக்கனம், கிரான்போர்ன் தட ரயில்கள் மெட்ரோ சுரங்கம் வழியே போகின்றன, ரிச்மண்டில் நிற்பதில்லை. கால்ஃபீல்டில் இறங்கி ஃபிராங்ஸ்டன் தட ரயிலுக்கு மாறினால் ரிச்மண்டில் இறங்கலாம். மாற விருப்பமில்லை என்றால் டவுன் ஹால் நிலையம்வரை போய், ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் வெளியே வந்து, பிராருங் மார் பூங்கா, வில்லியம் பராக் பாலம் வழியாக நடங்கள். ஏறக்குறைய இருபது நிமிடம், கூட்டத்தோடு நடக்க அருமையான வழி. கிளென் வேவர்லி தடக்காரர்களுக்கு ரிச்மண்ட் நேரடி. வடக்கே மெர்ண்டா, ஹர்ஸ்ட்பிரிட்ஜ் தடத்தில் வருகிறவர்கள் ஜோலிமாண்டில் இறங்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நடைமேடை நிரம்பி வழியும். பிள்ளைகளோடு இருந்தால் இருக்கையிலேயே கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு அணி ரசிகர்களும் தனித்தனியாக உட்கார வேண்டுமா? தோல் நிறத்தை வைத்து யாராவது ஏதாவது சொன்னால்?

ஐரோப்பியக் கால்பந்து போலப் பிரித்து வைப்பது இங்கே இல்லை. கோலுக்குப் பின்னால் கொடிகளோடு இருக்கும் ஆதரவாளர் குழுக்களைத் தவிர மற்ற இடங்களில் கலந்தேதான் இருப்பார்கள், பெரும்பாலும் நல்லபடியாக.

இரண்டாவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1993இல் காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கில் செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மார், இனவெறிக் கூச்சலுக்கு எதிராகச் சட்டையைத் தூக்கித் தன் கறுத்த தோலைச் சுட்டிக்காட்டினார். 1995இல் எசெண்டனின் மைக்கேல் லாங் புகார் கொடுத்த பிறகே இனத்தை வைத்து இழிவுபடுத்துவதற்கு எதிராக லீக்கில் விதி வந்தது. நீங்கள் பொறுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. பேசியவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவருடைய பிளாக், வரிசை, இருக்கை எண்களைக் குறித்துக்கொண்டு, அருகிலிருக்கும் மைதான ஊழியரிடம் சொல்லுங்கள், அல்லது திரையில் காட்டும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எண்களைக் கொடுத்தால்தான் ஆளைச் சரியாகக் கண்டுபிடிப்பார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பந்தை அல்ல, மையச் சதுரத்தை. அது 50 மீட்டர் பக்கமுள்ள சதுரம். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் அங்கேதான் தொடங்கும். 2019 முதல் 6-6-6 என்ற விதி: ஒவ்வொரு அணியும் முன் வளைவுக்குள் (கோலிலிருந்து 50 மீட்டரில் போட்ட கோடு) ஆறு பேர், பின் வளைவுக்குள் ஆறு பேர், நடுவில் ஆறு பேரை நிறுத்த வேண்டும். நடுவிலுள்ளவர்களில் சதுரத்துக்குள் நால்வர்தான் நிற்கலாம்: நடுவர் தொடங்கிவைக்கும் பந்துக்குக் குதிக்கும் உயரமான ரக்மேன் ஒருவர், நடுக்கள வீரர் மூவர். பின்னால் ஆளைக் குவித்துத் தடுக்க முடியாத ஒரே தருணம் அது. அங்கிருந்து பந்து சுத்தமாக வெளியே வந்தால் இரண்டே உதையில் கோல்.

கார்ல்டனில் பேட்ரிக் கிரிப்ஸைப் பாருங்கள். மூன்று பேர் தொங்கினாலும் கையை மேலே வைத்துக்கொண்டு ஹேண்ட்பால் வெளியே விடுகிற உடல்வாகு. 2024இல் 45 வாக்குகளோடு பிரவுன்லோ பதக்கம் (லீக்கின் சிறந்த வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துக் கொடுப்பது) வாங்கினார், அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. அந்த ஆண்டு இரண்டாவது வந்தவர் காலிங்வுட்டின் நிக் டெய்கோஸ், 38. அவர் நெரிசலுக்குள் நிற்பதைவிட அதன் விளிம்பில் பந்து வந்து விழும் இடத்தில் நிற்பார். கார்ல்டன் ஒருவரை அவர் தோளோடு தோளாக ஒட்டிவிடுகிறதா என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒட்டினால் அந்தக் கார்ல்டன்காரர் தாக்குதலுக்குப் போகமாட்டார். டெய்கோஸ் அவரை மூலைக்கு இழுத்துச் செல்லச் செல்ல, நடுவில் மற்றவர்களுக்கு இடம் திறக்கும். இந்த ஆட்டத்தில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பேரத்தைத்தான்.

மைதானமே "பால்!" (பந்து) என்று கத்துகிறது. சில நேரம் நடுவர் ஊதுகிறார், சில நேரம் ஊதுவதில்லை. ஏன்?

பந்து வைத்திருப்பவருக்கு விலக, உதைக்க, ஹேண்ட்பால் போட முன்பே வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி. இருந்து, சரியான டேக்கிளில் (எதிரணி வீரர் பிடித்து மடக்குவதில்) மாட்டி, உடனே பந்தை விடவில்லை என்றால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். எடுத்த கணமே பிடிபட்டவர் உண்மையாக முயன்றால் போதும். பந்து சிக்கிக்கொண்டால் நடுவர் அதை மேலே எறிந்து மீண்டும் தொடங்குவார். டேக்கிள் தோளுக்கு மேல் போனாலோ முதுகில் தள்ளினாலோ ஃப்ரீ கிக் மறுபக்கம் போகும். பந்தை எறிவது எப்போதுமே தவறு. ஒரு கையில் வைத்து மறு கையின் மடக்கிய முஷ்டியால் குத்த வேண்டும்.

சைரன் ஒலித்த பிறகும் கோல் போடலாமா? சமநிலை என்றால்?

சைரனுக்கு முன் மார்க்கோ ஃப்ரீ கிக்கோ கிடைத்திருந்தால் உதைக்கலாம். உதைத்த பந்து காற்றில் இருக்கும்போது ஒலித்தாலும் கணக்கில் வரும். 2022இல் எசெண்டனுக்கு எதிராக ஜேமி எலியட் சைரனுக்குப் பின் போட்ட கோல்தான் காலிங்வுட்டை ஜெயிக்க வைத்தது. லீக் சுற்றில் வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலையென்றால் ஆளுக்கு 2. கூடுதல் நேரம் இறுதிச் சுற்றுகளில் மட்டும். தோற்கப்போகும் அணிகூடக் கடைசிவரை ஸ்கோரைத் துரத்த வேண்டும். ஏனென்றால், எடுத்த ஸ்கோரை எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த ஸ்கோரால் வகுத்து நூறால் பெருக்கிய சதவீதம்தான் சம புள்ளி அணிகளைப் பிரிக்கும். 2022இல் கார்ல்டன் வெளியே போனது அப்படித்தான்.

பையன் ஆட்டத்துக்கு முன் உதைக்கப் பழக வேண்டும் என்கிறான். எந்தப் பந்து, எப்படி?

ஆண்கள் ஆடுவது ஐந்தாம் அளவு: நீளவாக்கில் சுற்றளவு 720–730 மி.மீ., குறுக்கே 545–555, காற்றழுத்தம் 62–76 கிலோபாஸ்கல். பெண்கள் லீக்கில் நான்காம் அளவு. ஆரம்பப் பள்ளிச் சிறுவனுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். பெரிய பந்தைக் கொடுத்தால் கை எட்டாமல் பந்தைத் தூக்கிப் போட்டு உதைக்கப் பழகிவிடுவான், பிறகு மாற்றுவது கடினம்.

இரு கை விரல்களும் பக்கத் தையலோடு, மேல்முனை லேசாகத் தன் பக்கம் சாய்ந்திருக்கட்டும். உதைக்கும் கால் பக்கத்துக் கையால் பந்தை இடுப்புயரத்திலிருந்து தொடைக்கு நேரே இறக்க வேண்டும், எறியக் கூடாது. கால் விரல் நீட்டி, ஷூ லேஸ் இருக்கும் கெட்டியான பகுதியில் பந்தின் கீழ்முனை பட வேண்டும். பந்து பின்னோக்கிச் சுழன்றால் சரி. பக்கவாட்டில் தள்ளாடினால் கை உடம்புக்குக் குறுக்கே பந்தைக் கொண்டுபோகிறது. உயரே மட்டும் எழும்பினால் உடம்பு பின்னால் சாய்கிறது. பத்து மீட்டரில் நேராகப் போன பிறகே தூரத்தைக் கூட்டுங்கள்.

சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பார்க்க முடியுமா? அணிப் பட்டியல் எப்போது வரும்?

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே வாட்ச் ஏ.எஃப்.எல். என்ற இணையச் சேவை உண்டு. ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்குப் பிறகு மெல்பர்ன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால், அதற்கு முன் ஐந்தரை. மெல்பர்னில் இரவு 7.40 என்றால் நமக்குப் பிற்பகல் 3.10. குவார்ட்டர் 20 நிமிடம் என்றாலும் நின்ற நேரம் சேர்ந்து அரை மணியைத் தொடும். இடைவேளைகளோடு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளி, சனி ஆட்டங்களுக்கு வியாழன் மாலை பட்டியல் வரும். அதில் மாற்று ஆட்களாகக் குறித்தவர்களையும் படித்து வையுங்கள். சூடேற்றும்போது தொடை பிடித்துக்கொண்டால் உள்ளே வருவது அவர்களில் ஒருவர்தான்.