மல்லி விலையும் மார்கழிப் பனியும்

அண்ணே வணக்கம்,

மதுரையில எம்.ஏ. எக்கனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு வருஷத்து மல்லி வரத்தும் விலையும் நாள்வாரியா எடுத்து ரிக்ரஷன் (ஒண்ணு மாறுனா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு பார்க்குற கணக்கு) ஓட்டுனேன், விலை ஏறுற அன்னைக்கு விக்கிற அளவும் ஏறுதுன்னு வருது. டிமாண்ட் கீழதானே இறங்கணும்? இன்ஸ்ட்ருமென்ட் போடுன்னு சார் சொல்றாரு. சாஃப்ட்வேர்ல அதுக்கான கமாண்ட் தெரியும், எதைப் போடுறதுன்னுதான் தெரியல. பனியைப் போடலாமா? இதெல்லாம் எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கிறது?

தம்பிக்கு,

கணக்கு தப்பில்லப்பா, நீங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல, அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் விடியக்காலையில அங்க நின்னு பாருங்க, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பூ வந்து இறங்கிக்கிட்டே இருக்கும், விலை கிடைக்கும்னு தெரிஞ்சு விவசாயி கூட ரெண்டு ஆள் போட்டுப் பறிச்சிருப்பாரு, வாங்குறவங்களும் போட்டி போட்டு ஏத்துவாங்க, அளவும் ஏறும் விலையும் ஏறும். உங்க எக்செல் ஷீட்ல ரெண்டு நம்பர்தான் இருக்கு, யார் தள்ளி ஏறுச்சுன்னு அதுல இல்லையே.

1928லயே பிலிப் ரைட்ங்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வெண்ணெய், ஆளி விதை சந்தையை வச்சு இதுக்கு வழி சொல்லிட்டாரு: வாங்குறவங்களைத் தொடாம சப்ளையை மட்டும் அசைக்கிற ஒண்ணைப் பிடி. உங்க சார் சொன்ன இன்ஸ்ட்ருமென்ட் அதுதான். கேத்ரின் கிராடிங்கிற பொருளாதார அறிஞர் நியூயார்க் ஃபுல்டன் மீன் மார்க்கெட்ல 1991 டிசம்பர்ல இருந்து 1992 மே வரைக்குமான கணக்கை எடுத்தாங்க, அதுக்கு இன்ஸ்ட்ருமென்ட் கடல் கொந்தளிப்பு. அலை அடிச்சா மீன் வரத்து குறையும் விலை ஏறும், ஆனா ஊருக்குள்ள மீன் வாங்குறவருக்கு நடுக்கடல்ல அலை எவ்வளவு உயரம்னா என்ன? 2021ல நோபல் வாங்குனாங்களே ஆங்கிரிஸ்ட், இம்பென்ஸ், அவங்க ரெண்டு பேரும் கிராடியோட சேர்ந்து இதே மீன் கணக்கை வச்சு எழுதிருக்காங்க, முதல்ல அதைப் படிங்க.

இப்ப உங்க பனிக்கு வருவோம். பனி விழுந்தா மொட்டு குறையும், விலை எகிறும், நல்ல யோசனைதான், எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பனி எப்ப விழுது? மார்கழியில. மார்கழியில நம்ம ஊர்ல கல்யாணம் உண்டா? கிடையாது. அப்ப பனி இருக்குற நாளும் கல்யாணப் பூ வாங்க ஆளில்லாத நாளும் ஒண்ணாவே வருது, பனி சப்ளையை மட்டும் அசைக்குதுன்னு சொல்ல முடியாது. எக்ஸ்க்ளூஷன் ரெஸ்ட்ரிக்ஷன்ங்கிறது இதுதான் தம்பி, இதை எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிச்சுச் சொல்லாது, பஞ்சாங்கம் பார்க்குற நம்ம வீட்டுப் பாட்டி சொல்லிரும்.

அதனால மார்கழியை மத்த மாசத்தோட ஒப்பிடாதீங்க. மார்கழிக்குள்ள குளிர் கூடுன நாளையும் குறைஞ்ச நாளையும் ஒப்பிடுங்க, தையில அதே மாதிரி தனியா, முகூர்த்தம், பொங்கல், வைகுண்ட ஏகாதசி எல்லாத்துக்கும் டம்மி (அந்த நாள்னா 1, இல்லைன்னா 0) போடுங்க. ஒரு வருஷ டேட்டாவுல ஒரே ஒரு மார்கழிதான் இருக்கு, முப்பது நாள் கூட முழுசா தேறாது, பத்தவே பத்தாது, பழைய வருஷக் கணக்கு எந்தக் கமிஷன் கடையில கிடைக்கும்னு விசாரிங்க. இன்னொண்ணு, பனி விழுந்து எத்தனை நாள் கழிச்சு மொட்டு குறையுதுன்னு தோட்டத்துல பறிக்கிற அக்காக்கள்ட்ட கேளுங்க, லேக், அதாவது அந்த இடைவெளி, எத்தனை நாள்னு அவங்க சொல்றதை வச்சுதான் போடணும்.

புதுசா கோர்ஸ் எதுவும் இப்ப சேர வேணாம். பனி விலையை அசைக்குதான்னு முதல் ஸ்டேஜ் மட்டும் ஓட்டி எனக்கு அனுப்புங்க, பனி விலையை எவ்வளவு பலமா அசைக்குதுன்னு காட்டுற எஃப் எண் 10 கூட வரலைன்னா, விலை அளவை எப்படி மாத்துதுன்னு பார்க்குற ரெண்டாவது ஸ்டேஜுக்குப் போகாதீங்க, இன்னும் ரெண்டு மூணு மார்கழியைச் சேர்த்துட்டு வாங்க.