பிஞ்சு, விடலை, கத்துக்குட்டி: இவையெல்லாம் வயதைச் சொல்லும் சொற்களா, வசவா?

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் உங்களைக் 'கத்துக்குட்டி' என்றாராம். அது திட்டா, செல்லமா என்று கேட்கிறீர்கள். அவர் குரலைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொல்லைப் பற்றிச் சொல்லலாம். கற்றுக்கொண்டிருக்கும் குட்டி, அவ்வளவுதான். 'கத்துக்குட்டி அணியிடம் தோல்வி' என்று கிரிக்கெட் செய்தி வந்தால் அடி விழுவது தோற்ற பெரிய அணிக்குத்தானே?

நான் கவனித்த வரை, இளசைக் குறிக்கும் சொல் தமிழில் தனியாக நின்றால் பெரும்பாலும் வசவு ஆவதில்லை. வயசும் நடப்பும் பொருந்தாதபோதுதான் ஆகிறது. சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து "நல்ல பிஞ்சு" என்றால் அது பாராட்டு. ஒரு பையனைப் பார்த்து "பிஞ்சிலே பழுத்தது" என்றால் ஏச்சு. பழுத்ததுதான் குற்றம், பிஞ்சு பாவம் ஒன்றும் செய்யவில்லை. 'சிறுபிள்ளைத்தனம்' இதற்கு நேர் மறுபக்கம். சிறுபிள்ளையைப் பார்த்து அதை யாரும் சொல்வதில்லை, நாற்பது வயசுக்காரரிடம்தான் சொல்வார்கள்.

நான் தென்னையும் பனையும் உள்ள ஊர்க்காரன். அங்கே 'சின்னது' என்று பொதுவாகச் சொன்னால் ஆச்சி விடமாட்டாள். தென்னையில் உதிர்வது குரும்பை. மாவில் வடு, பலாவில் மூசு, வாழையில் கச்சல். நட்டு வைக்கிற நெல் நாற்று, வாழை கன்று, தென்னை பிள்ளை. வளர்கிற இளம்பனை வடலி. நாகர்கோவிலில் வடலிவிளை என்று இடமே உண்டு. இத்தனை பேர் வைத்தவர்களுக்கு இளசு என்பது குறையாகப் பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். எந்தப் பருவத்தில் எதைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிய வேண்டியிருந்தது.

தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று 9 இளமைப் பெயர்களைச் சொல்லி, எது எதற்கு உரியது என்று பிரித்துக்கொண்டே போகிறது. நாய்க்கும் புலிக்கும் குருளை, யானைக்கும் குதிரைக்கும் கன்று, பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும். மனிதருக்குக் குழவியும் மகவும் மட்டும்தான், பிள்ளை கிடையாது! இன்றைக்கோ பெற்றதெல்லாம் பிள்ளை. கிழட்டு அணிலும் அணிற்பிள்ளைதான். குழவி என்றால் அம்மியில் அரைக்கிற கல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சில சொற்கள் மதிப்பிலும் இறங்கிவிட்டன. சங்கப் பாடல்களில் விடலை என்பவன் பாலைநிலத் தலைவன், வேலோடு சுரம் கடந்து காதலியைக் கூட்டிப் போகிறவன். இப்போது 'விடலைப் பசங்க' என்றால் தெருவில் பைக்கை முறுக்குகிறவர்கள். (எங்கள் பக்கம் கோயிலில் உடைக்கிற சிதறுகாயும் விடலைதான். அது வேறு கதை.)

இளசுச் சொல் தனியாக நின்றால் வசவாவதில்லை என்று மேலே சொன்னேனே, அதற்கு அடங்காத சொல்லும் உண்டு: பேதை. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது அது, 5 முதல் 7 வயது வரை. அதே சொல் அறிவில்லாதவரையும் குறிக்கும். திருக்குறளின் 84ஆம் அதிகாரமே பேதைமை. 14 முதல் 19 வரை மடந்தை, அதில் இருப்பது மடம், அதாவது அறியாமை. மடத்துக்கு 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று பழைய உரைகள் நயமாகப் பொருள் சொல்லும். அதாவது, சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்பது. ஆணுக்கு அதை யாரும் குணமாக வைக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் சுடுகிற வசவுகள் அடுப்படியிலிருந்து வருகின்றன. அரைவேக்காடு, பக்குவமில்லாதவன். பக்குவம் என்ற வடசொல்லே வெந்தது, பழுத்தது என்ற பொருளில்தான் வந்தது. அரைவேக்காட்டுச் சோற்றை வடித்துவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. பிஞ்சுக்கு அப்படியில்லை, நாளாக நாளாக விளைந்துவிடும்.

ஊருக்கு ஊர் எடையும் மாறும். 'பொடியன்' என்றால் எங்கள் ஊரில் இடுப்புயரப் பையன். யாழ்ப்பாணத்தில் 25 வயது ஆளையும் 'பெடியன்' என்பார்கள். 1980களில் 'பெடியள்' என்றாலே ஆயுதப் போராட்ட இயக்கத்து இளைஞர்கள் என்று அங்கே புரிந்துகொண்டார்கள். அதில் ஏளனம் இல்லை.

கடைசியாக என் கதை. 29 வயதில் யாரிடமும் கேட்காமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நின்றேன். அப்பா "அரைவேக்காட்டுப் பயல்" என்று கத்தினார். ஆச்சி குறுக்கே வந்து, "விடுல, பச்சப்புள்ள, அவனுக்கு என்ன தெரியும்" என்றாள். அப்பா சொன்னது இரண்டு நாளில் செரித்துவிட்டது. ஆச்சி சொன்னதுக்குப் பிறகுதான் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.